தங்கம் உள்ளாற இருக்கும், பாத்தா தெரியாது: கலாவரைட் கேள்வி-பதில்

டெல்லூரியம்ங்கிற தனிமம் கலந்த தாதுக்களைப் பத்தி, அதுல தங்கமும் டெல்லூரியமும் சேந்த கலாவரைட்டைப் பத்தி, போன வாரம் ஒரு வரி எழுதுனேன், அதுக்கு இத்தனை கேள்வி வரும்னு நெனைக்கல. ஒரே மாதிரி இருந்ததைச் சேத்துட்டேன்.

தனுஷ்கோடி மணல்ல தங்கக் கலர்ல மினுங்குது சார், கலாவரைட்டா இருக்குமா?

இருக்காது தம்பி. அது பெரும்பாலும் மைக்கா, அதான் நம்மாளுக சொல்ற காக்காப்பொன். நகத்தால நெம்புனா ஏடு ஏடா உரியும், தண்ணியில போட்டா ஆடி ஆடி எறங்கும். கலாவரைட் தண்ணியை விட 9 மடங்கு கனம், போட்ட ஒடனே தொபுக்குன்னு அடியில போயிரும். நம்ம கரை பூராம் கடல் கொண்டாந்து போட்ட மணலு, பவளக்கல்லு, சுண்ணாம்பு கலந்த மணல்பாறை. கலாவரைட் உருவாகுறது பூமிக்கடியில கொதிக்கிற தண்ணி பாறை வெடிப்பு வழியா ஏறி வர்ற எடத்துல, ஏர்வாடியில இருந்து தொண்டி வரைக்கும் குனிஞ்சுக்கிட்டே நடந்தாலும் இடுப்பு வலிதான் மிச்சம்.

கீழக்கரையில நகைப்பட்டறை வச்சிருக்கேன். இதை உரைகல்லுல உரைச்சா தெரியுமா?

தங்கமா தெரியாது காக்கா, அங்கதான் இது ஆளை ஏமாத்துது. ஒரு தங்க அணுவுக்கு ரெண்டு டெல்லூரியம் அணு, எடைக்கு நூத்துல 40 பங்குக்கு மேல தங்கம், அதாவது 100 கிராம் சுத்தமான கலாவரைட்டுல அஞ்சு பவுன் இருக்கு. ஆனா பாக்க வெளிறுன பித்தளை மாதிரி, சிலது வெள்ளி மாதிரி இருக்கும், கோடு சாம்பலா விழும். தங்கத்தைத் தட்டுனா தகடாகும், இது பொடியா நொறுங்கிரும். பைரைட்டுன்னு ஒரு ஏமாத்துக்கல்லு இருக்குல்ல, அதைக் கத்தி கீறாது (10 வரைக்கும் போற கடின அளவுல 6க்கு மேல), கலாவரைட்டு 2.5ல இருந்து 3 தான், லேசா கீறிரும்.

இது தெரியாம யாராச்சும் தூக்கிப் போட்டுருக்காங்களா?

நல்லாக் கேட்டீங்க! ஆஸ்திரேலியாவுல கால்கூர்லின்னு ஒரு ஊரு, 1893ல அங்க தங்கம் கெடச்சுது. மஞ்சளா இருந்த தங்கத்தை எடுத்துக்கிட்டு இந்தக் கல்லை வேஸ்ட்டுன்னு ஒதுக்கி ரோட்டுக் குழி ரொப்பவும் கட்டடத்துக்கும் போட்டுட்டாங்க. 1896ல இதுக்குள்ள தங்கம் இருக்குன்னு தெரிஞ்சதும் போட்ட ரோட்டையே தோண்டுனாங்க. நம்மூர்ல குழி ரொப்புறதே அபூர்வம், ரொப்புனதைத் தோண்டுறதுக்கு மட்டும் தங்கமே வேணாம், கேபிள் போதும்.

பேரு எங்கிருந்து வந்துச்சு?

கலிபோர்னியாவுல கலாவெரஸ்னு ஒரு மாவட்டம், 1861ல அங்க கெடச்சுது. டெல்லூரியம் அதுக்கு முன்னாடியே தெரியும், 1782ல டிரான்சில்வேனியாவுல தங்கத் தாதுக்குள்ள கண்டுபிடிச்சாங்க.

ஊதுகுழல் வச்சு வீட்டுல உருக்கிப் பாக்கலாமா?

பாக்காதீங்க அக்கா. சூடேத்துனா டெல்லூரியம் புகையாப் போயி, கல்லு மேல தங்கம் வேர்வை முத்து மாதிரி பூத்து நிக்கும், படத்துல பாக்க அழகுதான். ஆனா அந்தப் புகை நல்லதில்ல, கொஞ்சம் ஒடம்புக்குள்ள போனாலே நாள் கணக்குல மூச்சுல பூண்டு நாத்தம் அடிக்கும், பல்லு வெளக்குனாலும் போகாது. தங்கத்தைக் கரைச்சு எடுக்குற சயனைடுலயும் இது லேசுல கரையாது, அதனால சில சுரங்கத்துல முதல்ல வறுத்து டெல்லூரியத்தை ஓட்டிட்டுத்தான் தங்கம் பிரிப்பாங்க, அதெல்லாம் புகைபோக்கி வச்ச எடத்துல.

பாம்பன்ல இருந்து ஒரு போட்டுக்காரர்: கடலடியில டெல்லூரியம் இருக்காமே, நம்ம வளைகுடாவுல?

கடலடியில இருக்கு அண்ணே, ஆனா நீங்க வலை விடுற ஆழத்துல இல்ல. நடுக்கடல்ல முங்கிக் கெடக்குற மலைக மேல இரும்பும் மாங்கனீசும் கலந்த ஒரு கருப்புத் தோலு படியும், பத்து லட்சம் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும், அது கடல்தண்ணியில இருக்குற டெல்லூரியத்தை உறிஞ்சி வச்சுக்கும். சோலார் பேனல்ல ஒரு வகைக்கு டெல்லூரியம் வேணும்கிறதால அதும்மேல இப்ப எல்லாருக்கும் கண்ணு. இன்னைக்கு மார்க்கெட்டுக்கு வர்ற டெல்லூரியம் அந்தக் கடலடி மலையில இருந்தும் இல்ல, கலாவரைட்டுல இருந்தும் ரொம்ப இல்ல, செம்பு சுத்தம் பண்ற தொட்டிக்கு அடியில தங்குற கசடுல இருந்துதான் பெரும்பாலும் எடுக்குறாங்க.