கட்டட வேலையில் பணமும் பொருளும் எங்கே நழுவுகின்றன? – கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் 23 வருடமாகக் கட்டட மேற்பார்வை பார்க்கிறேன். வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது எந்த சிமெண்ட் நல்லது, வாஸ்து சரியா என்பதுதான். இந்த முறை அதை விட்டுவிட்டு, நடக்கிற வேலையைக் கண்காணிப்பது பற்றியும் பொருள் கணக்கு பற்றியும் மட்டும் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில இவை.

அண்ணே, நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். மேலூரில் வீடு கட்டுகிறோம், 36 லட்சத்துக்கு மெட்டீரியலோடு காண்ட்ராக்ட். அப்பாதான் சைட்டைப் பார்த்துக்கொள்கிறார். இதுவரை 21 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்தாச்சு. வேலை லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்தில் நிற்கிறது. காண்ட்ராக்டர் "பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு தம்பி" என்கிறார். அப்படியா?

தம்பி, போன பணத்தை வைத்து முடிந்த வேலையைச் சொல்லக் கூடாது. நீங்கள் அனுப்பிய அக்ரிமெண்ட்டிலேயே லிண்டல் முடிந்தால் 35 சதவீதம் என்று இருக்கிறது. அதாவது 12 லட்சத்து 60 ஆயிரம். நீங்கள் கொடுத்திருப்பது 60 சதவீதம். ஆக, 9 லட்சம் வேலைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. சைட்டில் கம்பியும் செங்கல்லும் கிடப்பதாகச் சொன்னீர்கள். பில்படி அது 2 லட்சம் என்று வைத்துக் கழித்தாலும் 7 லட்சம் மிச்சம்.

அந்த 7 லட்சத்தை அவர் சாப்பிட்டுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அது இன்னொருவர் வீட்டு அஸ்திவாரத்துக்குள் போயிருக்கலாம். உங்கள் பணத்தில் அந்த வீடு, அடுத்து வருகிறவர் பணத்தில் உங்கள் வீடு என்று சுழற்றுவது இந்தத் தொழிலில் சகஜம். புது வேலை கிடைக்காத மாதம் வந்தால் சுழற்சி நின்றுபோகும், அப்போது மாட்டுவது நீங்கள்.

சண்டைக்குப் போகாதீர்கள். பாதியில் விட்ட வேலையை எடுக்க இன்னொருவர் லேசில் வரமாட்டார். அக்ரிமெண்ட்படி கூரைத் தளம் முடிந்தால் 55 சதவீதம், 19 லட்சத்து 80 ஆயிரம். அதுவரை உங்கள் பணம்தான் முன்னால் நிற்கிறது என்பதை அவரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். தளம் போடும்வரை அவர் கையில் காசு வேண்டாம். உண்மையிலேயே முடியாமல் தவிக்கிறார் என்றால் சிமெண்ட் கடைக்கும் கம்பிக் கடைக்கும் நீங்களே நேராகப் பணம் போட்டு, அடுத்த தவணையில் கழித்துக்கொள்வதாக அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அந்த போட்டோக்கள். நீங்கள் அனுப்பிய பதினோரு படத்தில் ஏழில் அப்பா இருக்கிறார், சுவர் இல்லை! எதிர்வீட்டு கேட் பக்கம் ஒரே இடத்தில் நின்று, தினமும் சாயங்காலம் 5 மணிக்கு ஒரே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை வரி செங்கல் ஏறியது என்று எண்ணிவிடலாம்.

நான் திருமங்கலத்தில் கணக்கு டீச்சர். தளம் 800 சதுர அடி, 5 அங்குலம். என் கணக்குக்கு 76 மூட்டை சிமெண்ட்தான் வருகிறது. மேஸ்திரி 100 மூட்டை ஏறிவிட்டது என்கிறார். 24 மூட்டை எங்கே சார்?

டீச்சர், உங்கள் கணக்கு சரி, படம்தான் முழுசாக இல்லை. 800 சதுர அடியை 5 அங்குலத்தால் பெருக்கினால் 333 கன அடி. ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் கன மீட்டருக்கு 8 மூட்டை. அந்த வகையில் 76 வந்துவிடும். ஆனால் தளத்தைத் தாங்கும் பீம்? நீங்கள் அனுப்பிய பிளானில் 9 அங்குல அகல பீம் மொத்தம் 110 அடி ஓடுகிறது. தளத்துக்குக் கீழே 10 அங்குலம் தொங்குகிறது. அது மட்டும் 69 கன அடி. சேர்த்தால் 402 கன அடி, 91 மூட்டை. சிந்துவது, மிக்சரில் ஒட்டுவது என்று 3, 4 மூட்டை போட்டால் 95. மிச்சம் 5 மூட்டைக்கு மேஸ்திரியைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் பக்கம் கரிசல் மண். அஸ்திவாரத்திலேயே செலவு எகிறியிருக்கும். அந்தக் கோபம் தளத்தில் வந்து இறங்குகிறதோ என்று தோன்றுகிறது.

அடுத்த முறை கான்கிரீட் அன்று சாயங்காலமே காலிச் சாக்குகளை எண்ணி 25, 25ஆகக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் எண்ணினால் பயனில்லை, காலிச் சாக்குக்கும் விலை உண்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகும்.

எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லோடு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்? லாரிக்காரர் 3 யூனிட் என்றால் நம்பிக் கொட்டச் சொல்ல வேண்டியதுதானா?

கொட்டுவதற்கு முன்னால் ஏறி டேப் பிடியுங்கள். ஒரு யூனிட் 100 கன அடி. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சைட்டில் இதே மாதிரி 3 யூனிட் பில்லோடு ஒரு லோடு வந்தது. கீழே இருந்து பார்த்தால் நடுவில் கூம்பு மாதிரி நன்றாக ஏறி இருந்தது. மேலே ஏறினால் நான்கு ஓரமும் பள்ளம். மண்வெட்டியால் இழுத்து மட்டமாக்கி அளந்தோம்: நீளம் 14 அடி, அகலம் 7, உயரம் இரண்டரை. 245 கன அடி. டிரைவர், "கிரஷர்ல நல்லாத்தான் ஏத்துனாங்க, வழியில குலுங்கி இறங்கிருச்சுண்ணே" என்றார். குலுங்கினால் கொஞ்சம் இறங்கும்தான். 55 கன அடி இறங்காது. 245 என்று பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் கொட்டவிட்டோம். அடுத்த லோடில் இருந்து பேச்சே இல்லை, சரியாக வந்தது.

இன்னொன்று, ஈரம். ஈரமான மணல் உப்பி நிற்கும், காய்ந்ததைவிடக் கால் பங்கு வரைகூட அதிக இடம் பிடிக்கும். லாரியில் ஏமாறுவது ஒரு பக்கம். பெட்டி கணக்கில் கலவை போடும்போது அதே ஈர மணலை அதே பெட்டியில் அள்ளினால் உள்ளே போகும் மணலே குறைந்துவிடும், கலவை மாறிவிடும்.

சார், நான் டிப்ளமோ முடித்து முதல் சைட்டில் இருக்கிறேன். பக்கத்தில் எடைமேடை இல்லை. கம்பி லோடைச் சரிபார்ப்பது எப்படி?

விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லி கம்பி 0.89 கிலோ. முழு நீளம் 12 மீட்டர் என்றால் ஒரு கம்பி சுமார் 10.7 கிலோ. டன்னுக்கு 94 கம்பி. 8 மில்லியில் 211, 16 மில்லியில் 53. இந்த எண்களை ஹெல்மெட்டுக்கு உள்ளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1786இல் 10 மில்லி வரை 7 சதவீதமும், 12, 16 மில்லிக்கு 5 சதவீதமும் எடை கூடக் குறைய இருக்க அனுமதி உண்டு. அதனால் எண்ணிக்கை ஒன்றிரண்டு தள்ளி வந்தால் பதற வேண்டாம். ஒரு மீட்டர் துண்டு வெட்டிக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் நல்ல ஆப் எது?

40 பக்க நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள்: எத்தனை ஆள், என்ன வந்தது, என்ன செலவானது, எவ்வளவு கட்டினார்கள். அன்றைக்கே எழுத வேண்டும். ஒரு மாதம் விடாமல் எழுதிவிட்டு வாருங்கள், ஆப் சொல்கிறேன்.

அண்ணே, நான் சின்ன காண்ட்ராக்டர். ஒவ்வொரு வேலையும் மூன்று வாரமாவது தள்ளிப்போகிறது. ஆள் கூடப் போட்டும் பார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

உங்கள் அட்டவணையில் மதுரை இல்லை, அதுதான் தப்பு. தை பிறந்தால் ஜல்லிக்கட்டு: முதல் நாள் அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதற்கு அடுத்த நாள் அலங்காநல்லூர். அந்த வாரம் எந்தக் கொத்தனார் வருவார்? சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரமும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடியில் வீட்டுக்காரர் கதவு நிலை வைக்க மாட்டார். இதெல்லாம் திடீரென்று வருவதா? காலண்டரில் இருக்கிறது. முதலிலேயே அந்த நாட்களை அடித்துவிட்டு மிச்சத்தில் வேலையைப் போடுங்கள்.

இரண்டாவது, ஆளைக் கூட்டினால் எல்லா வேலையும் வேகமாகாது. எந்த வேலை நின்றால் அடுத்தது எல்லாம் நிற்குமோ, அதைத்தான் முடுக்க வேண்டும். உங்கள் போன வேலையில் தச்சர் நிலையைப் பத்து நாள் தாமதமாகக் கொடுத்தார் என்றீர்கள். சுவர் அங்கேயே நின்றது. அந்தப் பத்து நாளும் நீங்கள் காம்பவுண்ட் சுவரில் ஆறு பேரைப் போட்டிருக்கிறீர்கள். காம்பவுண்ட் முடிந்தது, வீடு பத்து நாள் தள்ளித்தான் முடிந்தது, சம்பளம் மட்டும் போனது. கடைக்கால் தோண்டுகிற அன்றே நிலைக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கொத்தனார் ஒரு நாளைக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். புத்தக அளவை விடுங்கள். உங்கள் ஆட்கள் முதல் மூன்று நாள் கட்டியதை அளந்து சராசரி எடுங்கள். அதற்குக் கீழே போகிற நாளில் மட்டும் காரணம் கேளுங்கள். பாதி நாள் தண்ணீர் லாரி வராததாக இருக்கும்.

சார், ஆனையூரில் கட்டுகிறோம். தளம் போட்டு இன்று 6ஆவது நாள். சென்ட்ரிங்காரர் அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்று தளத்தைத் தாங்கும் முட்டுகளையெல்லாம் எடுக்கப் போகிறாராம். எடுத்தால் வாடகையும் மிச்சம் என்கிறார். விடலாமா?

விடாதீர்கள் அக்கா. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 456 சொல்வது இது: சுவருக்குச் சுவர் இடைவெளி 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள். அதுவும் சாதாரண சிமெண்ட்டுக்கு. நீங்கள் போட்டது பிபிசி (சாம்பல் கலந்த போஸோலானா சிமெண்ட்), அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், இன்னும் சில நாள் கூட விட வேண்டும். உங்கள் படுக்கை அறைகள் 11 அடி, ஹால் 16 அடி. 4.5 மீட்டர் என்பது சுமார் 14 அடி 9 அங்குலம். ஆக, ஹால் நீண்ட கணக்கில் வருகிறது.

அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. படுக்கை அறைகளில் பீமுக்குக் கீழே இருப்பதைத் தொடாமல் மற்ற முட்டுகளை 10ஆவது நாள் கொடுத்து அனுப்புங்கள். ஹாலிலும் பீமுக்கு அடியிலும் உள்ள முட்டுகளில் எடுக்க வேண்டிய தேதியைச் சாக்பீசால் எழுதி வையுங்கள். மேலே பாத்தி கட்டிய தண்ணீர் 10 நாளுக்குக் குறையாமல் நிற்கட்டும். வாட்ச்மேனிடமும் தேதியைச் சொல்லிவிடுங்கள், விடியற்காலையில் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.