ஜிம்ப்பில் அசையும் பேனர் செய்வது எப்படி?

மூன்று வாசகம் மாறி மாறி வரும் பேனருக்குப் போட்டோஷாப் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஜிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளே போதும். 728க்கு 90 பிக்சலில் புதுப் படம் திறந்து, ஒவ்வொரு வாசகத்தையும் அதன் பின்னணியோடு மெர்ஜ் டவுன் செய்து (ஒன்றாக இணைத்து), மூன்று லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றான படத் தாள்களாக, அடுக்குங்கள். ஒரு லேயர், ஒரு ஃபிரேம், அதாவது மாறி வரும் ஒரு காட்சி. அடியில் இருப்பதுதான் முதலில் ஓடும். பலர் தலைகீழாக அடுக்கிவிட்டு முழிப்பது இங்கேதான்.

நேரத்தை லேயர் பெயரிலேயே எழுத வேண்டும்: பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் 2000, அதை ஒட்டி எம், எஸ் என்ற சின்ன ஆங்கில எழுத்துகள். 2000 மில்லி விநாடி, அதாவது இரண்டு விநாடி நிற்கும். அதைவிடக் குறைத்தால் யாரும் படித்து முடிக்க மாட்டார்கள்.

அப்புறம் ஜிஃப் என்ற படக் கோப்பு வகையாக எக்ஸ்போர்ட் செய்யும்போது அனிமேஷன் பெட்டியை டிக் செய்யுங்கள். மறந்தால் அசையாத படம்தான். ஜிஃப்பில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான் என்பதால் கிரேடியன்ட் (மெல்ல மாறும் நிறம்) பட்டை பட்டையாகத் தெரியும். ஒற்றை நிறப் பின்னணியே நல்லது.