தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்: தினசரிப் பயணம், கேள்வி-பதில்

செமஸ்டர் தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயணம் பற்றியவைதான். ஹாஸ்டல் கிடைக்காதவர்கள், வீட்டை விட்டு வர முடியாதவர்கள், ரூம் எடுத்துப் பார்த்துச் சரிப்படாமல் திரும்பியவர்கள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

என் பல்கலைக்கழகம் வீட்டிலிருந்து 45 கிலோமீட்டர். தினமும் போய்வரலாமா?

எதில் போகிறீர்கள் என்று எழுதவில்லை, எத்தனை இடத்தில் மாறுகிறீர்கள் என்றும் எழுதவில்லை. 45 கிலோமீட்டரை நேரடி ரயில் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடும். இரண்டு பஸ் மாறினால் அதே தூரம் இரண்டரை மணி நேரம் ஆகலாம். இரண்டுக்கும் எப்படி ஒரே பதில் சொல்வது? கிலோமீட்டரை விட்டுவிடுங்கள். வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ஸ்டாப்புக்கு நடப்பது, காத்திருப்பது, மாறுவது, மெயின் கேட்டிலிருந்து கட்டடம் வரை நடப்பது எல்லாம் அதில் அடக்கம். காத்திருக்கும் ஒரு நிமிடம் ஓடும் வண்டிக்குள் இருக்கும் நிமிடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரமானது என்றுதான் போக்குவரத்துத் திட்டமிடுபவர்களே கணக்குப் போடுகிறார்கள்.

ஐந்து வேலை நாள் குறித்துவையுங்கள். சராசரியை விட்டுவிட்டு, மோசமான நாளை எடுத்துக்கொள்ளுங்கள். போய்வர இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் தயங்காமல் போய்வரலாம். மூன்று என்றால் திட்டம் வேண்டும். நாலைத் தாண்டினால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். மனிதர்கள் எந்தக் காலத்திலும், எந்த வாகனத்திலும் ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு மணி நேரம் அளவுக்கே பயணம் செய்ய விரும்பியிருக்கிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994-ல் எழுதினார். நாலு மணி நேரம் உங்களைக் களைப்பாக்குகிறது என்றால் அது உங்கள் பலவீனம் இல்லை.

பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தாலே குமட்டுகிறது. பழகினால் சரியாகுமா?

சிலருக்கு ஓரளவு பழகும், பலருக்குப் பழகாது. உள்காது 'நகர்கிறோம்' என்கிறது, புத்தகத்தில் பதிந்த கண் 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது. அந்த முரண்தான் குமட்டல். முன்பக்க இருக்கை, வண்டி போகும் திசையைப் பார்த்து உட்காருவது, தூரத்தில் இருப்பதைப் பார்ப்பது ஆகியவை உதவும். படிப்பதைக் கேட்பதாக மாற்றிக்கொள்ளுங்கள். குமட்டலுக்கான மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை. தேர்வு நாளில் முதல் முறையாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

எனக்கு ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறது, குமட்டலும் இல்லை. தினமும் நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தேர்வில் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை.

திரும்பத் திரும்பப் படிப்பதால்தான் வருவதில்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியை மறுபடி படித்தார்கள். இன்னொரு சாரார் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அது தலைகீழாகிவிட்டது. தேர்வு எப்போதும் ஒரு வாரம் கழித்துத்தானே வருகிறது.

ரயிலில் இப்படிச் செய்யுங்கள். காலையில் நோட்டைத் திறக்காமல், நேற்றைய வகுப்பில் என்ன நடந்தது என்று ஒரு துண்டுத் தாளில் குறியுங்கள். எழுத முடியாத நெரிசலில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்கியதோ அதை மட்டும் திறந்து பாருங்கள். இருபது நிமிடம் போதும். புதிய பாடம், கணக்கு, எழுதித் தேற வேண்டியது எதையும் ரயிலுக்கு ஒதுக்காதீர்கள். மீதி நேரம் ஜன்னலைப் பாருங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

என் மகன் காலை 5 மணிக்கு எழுந்து இரவு பதினொன்றரைக்குப் படுக்கிறான். போக இரண்டு, வர இரண்டரை மணி நேரம். பஸ்ஸில் தூங்கிக்கொள்கிறான், அதையும் சேர்த்தால் ஏழு மணி நேரம் வந்துவிடுகிறது. ஆனாலும் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது. செல்போன்தான் காரணமா?

அம்மா, செல்போனை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். காரணம் உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. உங்கள் மகன் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறான். 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம் தேவை. பஸ் தூக்கத்தை அதில் சேர்க்கவே கூடாது. ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக அரை மணி நேரம் போல இடைஞ்சலில்லாத ஓய்வு வேண்டும். பஸ்ஸில் கழுத்துத் தசை தளர்ந்ததும் தலை தொங்கும், தொங்கியதும் விழிப்பு வரும். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு விழிப்பு. ஸ்டாப்பைத் தவறவிடுவோமோ என்ற பயம் வேறு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கண் மூடியிருந்த நேரத்தையெல்லாம் தூங்கிய நேரமாக எண்ணாதீர்கள்.

இந்தக் கடிதம் எனக்கு ஒவ்வொரு செமஸ்டரும் வருகிறது. எழுதுகிறவர் மாறுகிறார், கணக்கு மாறுவதில்லை. கோபமும் வருகிறது. கோபம் உங்கள் மேல் இல்லை. விடியுமுன் எழுந்து ஓடுகிற பிள்ளையைப் பார்த்து 'எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறான்' என்று பாராட்டுகிற பழக்கத்தின் மேல்தான். வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை வகுப்பில் கண்ணைத் திறந்தபடி ஒன்றையும் வாங்கிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, இரண்டு வாரம் ஆட்களைச் சோதித்தார்கள். இரண்டாம் வாரக் கடைசியில் அவர்களுடைய கவனமும் நினைவும் ஒரு முழு இரவோ இரண்டு இரவோ தூங்காதவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தன. இதைவிட முக்கியமான விஷயம், அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் நிலை இவ்வளவு மோசம் என்று தெரியவில்லை. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். ஆகவே 'எனக்குப் பழகிவிட்டது' என்று உங்கள் மகன் சொன்னால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கே தெரியாது. அன்று படித்தது மனதில் நிலைப்பதும் தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கத்தைக் குறைத்துப் படித்தால் படித்ததும் சேர்ந்து போகும்.

இன்னொன்று. இருபது வயதை ஒட்டித்தான் மனித உடலின் கடிகாரம் மிகவும் தாமதமாக ஓடுகிறது. இரவு தூக்கம் வர நேரமாகும், காலை எழுவது கடினமாகும். சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் பலன் இல்லை.

சரி, என்ன செய்வது? மாலை வீட்டுக்கு வந்ததிலிருந்து படுக்கும் வரை மகன் என்னென்ன செய்கிறான் என்று ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள். அசைன்மென்ட்தான் அந்த நேரத்தைத் தின்கிறது என்றே நினைக்கிறேன். அதை வளாகத்துக்கு மாற்றுங்கள். வகுப்பு முடிந்ததும் நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து முடித்துவிட்டுக் கிளம்பட்டும். பல ஊர்களில் பீக் அவர் தணிந்த பிறகு கிளம்பினால் பயணமே கால் மணி, அரை மணி குறையும். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, குளியல், பேச்சு, பத்து மணிக்குப் படுக்கை. அவன் தலையில் வீட்டுப் பொறுப்புகள் இருந்தால் சிலவற்றை செமஸ்டர் முடியும் வரை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கான நேரத்தை எதிலிருந்தாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். தூக்கத்திலிருந்து மட்டும் வேண்டாம்.

காலை பஸ்ஸில் அலாரம் வைத்து இருபது நிமிடம் கண்ணயரட்டும், நல்லதுதான். மாலை பஸ்ஸில் தூங்க விடாதீர்கள். அந்த ஒரு மணி நேரத் தூக்கம்தான் இரவு பதினொன்றரை வரை அவனை விழித்திருக்க வைக்கிறது. விடுமுறையில் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம், மதியம் வரை வேண்டாம். திங்கள்கிழமை எழுவது இன்னும் கடினமாகிவிடும்.

லேப்டாப், இரண்டு தடிப் புத்தகம், சாப்பாடு, தண்ணீர், குடை. தோள் வலி உயிர் போகிறது.

பையை எடை போடுங்கள். உடல் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், எப்படிப் போனாலும் பதினைந்துக்குள். 50 கிலோ எடை உள்ளவருக்கு 5 கிலோ. புத்தகத்தில் அன்றைக்கு வேண்டிய அத்தியாயத்தை மட்டும் நகல் எடுங்கள். பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்புங்கள், ஒரு கிலோ குறையும். இரண்டு பட்டையையும் மாட்டுங்கள்.

காலை 9 மணிக்கு ஒரு வகுப்பு, அடுத்தது மதியம் 3 மணிக்கு. நடுவில் வீட்டுக்குப் போய் வரவும் முடியவில்லை, நேரமும் வீணாகிறது.

இவ்வளவு நீண்ட இடைவெளி வீணாவதற்குக் காரணம், அதை மொத்தமாக 'சும்மா இருக்கிற நேரம்' என்று நினைப்பது. முதல் இரண்டு மணி நேரத்தை நூலகத்தில் ஒரே இடத்தில் கனமான வேலைக்கு ஒதுக்குங்கள். சாப்பிட்டபின் இலகுவான வேலை. இந்தச் செமஸ்டருக்கு இவ்வளவுதான் முடியும்.

அடுத்த முறை பதிவு செய்யும்போது கவனியுங்கள். பலர் பிடித்த ஆசிரியர், பிடித்த நண்பர் என்று பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் டைம்டேபிளைப் பார்க்கிறார்கள். வகுப்புகளை நாலு நாளில் அடக்க முடிந்தால் வாரப் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அப்படியே மிச்சம். வேறு எந்த உபாயமும் இவ்வளவு நேரத்தைத் திருப்பித் தராது.

பைக் வாங்கினால் தினமும் ஒரு மணி நேரம் மிச்சம். லேப் முடிந்து கிளம்ப இரவு எட்டாகும். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

தம்பி, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதுதான் என் கேள்வி. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் நேச்சர் இதழில் ஆய்வு வந்தது. நாலு விநாடி கண் செருகினால் 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அறுபது எழுபது மீட்டர் தானாகப் போய்விடும். பஸ்ஸில் கண் செருகினால் ஸ்டாப் தவறும், பைக்கில் அப்படி இல்லை. ஏழு மணி நேரம் தூங்காத நாளில் வண்டியைத் தொடுவதில்லை என்று வீட்டில் உறுதி சொல்லி, அதைக் காப்பாற்ற முடியுமானால் வாங்குங்கள். லேப் நாளில் பஸ்தான். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

வகுப்பு முடிந்ததும் ஓடிவிடுவதால் எனக்கு நண்பர்களே இல்லை. இரண்டாம் ஆண்டும் இப்படியே போகிறது.

இது சின்ன விஷயம் இல்லை. படிப்பைப் பாதியில் விடுகிறவர்களைப் பற்றி வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975-லேயே எழுதியிருக்கிறார். மதிப்பெண்ணோடு, அந்த இடத்தில் நாம் ஒட்டியிருக்கிறோமா என்பதும் சேர்ந்துதான் ஒருவர் தொடர்வாரா விடுவாரா என்பதைத் தீர்மானிக்கிறது என்பது அவருடைய கருத்து. எல்லாவற்றிலும் கலந்துகொள்ள உங்களுக்கு நேரம் இருக்காது. வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று அடுத்த வண்டிக்குப் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் அதே நாளாக இருக்கட்டும், மற்றவர்களும் எதிர்பார்க்கத் தொடங்குவார்கள். தினமும் அதே வண்டியில் வருகிற உங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் நிச்சயம் இருப்பார்கள். முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

போகும்போதும் வரும்போதும் இயர்போனில் பாடம் கேட்கிறேன். காதுக்குக் கெடுதலா?

சத்தத்தைப் பொறுத்தது. 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89-ல் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். பஸ் இரைச்சலை அமுக்கத்தான் எல்லோரும் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். வெளிச்சத்தத்தை அடைக்கிற இயர்போனை வாங்கி, சத்தத்தைப் பாதியில் வையுங்கள். சாலையைக் கடக்கும்போது கழற்றுங்கள்.

நாளை மறுநாள் 9 மணிக்குத் தேர்வு. என் வண்டி 8:50க்கு வந்து சேரும். போதுமா?

போதாது. முந்தைய வண்டி, அது இல்லையென்றால் அதற்கும் முந்தையது.

வளாகம் அருகே ரூம் எடுத்தால் வாடகை, வீட்டில் இருந்தால் பயணம். எது லாபம்?

வாடகையை ரூபாய் கணக்கில் எழுதியவர்கள் பயணத்தை மணிக்கணக்கில் எழுதவில்லை. நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரம் ஐந்து நாள், பதினாறு வாரம் என்றால் செமஸ்டருக்கு 400 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 50 நாள். ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை வைத்து ஸ்டுட்சர், ஃப்ரே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தபோது, நீண்ட நேரம் பயணம் செய்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே சொன்னார்கள். குறைந்த வாடகையோ நல்ல சம்பளமோ அந்தக் குறையை முழுதாக ஈடுகட்டவில்லை.

அதற்காக எல்லோரும் ரூம் எடுங்கள் என்று சொல்லமாட்டேன். பணம் இல்லாத இடத்தில் அது அறிவுரையே இல்லை. நடுவழி ஒன்று உண்டு. லேப் இருக்கிற இரண்டு மூன்று இரவுகள் மட்டும் நண்பர் ரூமில் தங்கி வாடகையைப் பகிர்ந்துகொள்வது. இரவு தங்கிவிட்டால் மாலைப் பயணமும் மறுநாள் காலைப் பயணமும் இல்லை. இரண்டு தனித்தனி இரவு தங்கினால் வாரத்தில் பத்து மணி நேரம் மிச்சம். தங்கும் இரவுகளில் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தால் மிச்சமானது போய்விடும். தூக்கத்தில் கை வைக்காதீர்கள் என்று இங்கேயும் சொல்கிறேன்.

லேப் ஆறு மணிக்கு முடிகிறது, கடைசி நேரடி வண்டி 6:10. பத்து நிமிடம் முன்னால் விடச் சொன்னால் அட்டெண்டன்ஸ் போடமாட்டோம் என்கிறார்கள்.

வாசலில் நின்று வாய்மொழியாகக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுங்கள். வண்டி நேரம், அதைத் தவறவிட்டால் வீடு சேரும் நேரம், எந்த லேப், எந்தக் கிழமை என்று நாலு வரி போதும். 'பத்து நிமிடம் முன்னால் விடுங்கள்' என்று கேட்பதைவிட 'மதிய லேப் பிரிவுக்கு மாற்றுங்கள்' என்று கேளுங்கள். அது அவர்களுக்கும் எளிது. இதே சிக்கல் உள்ள மற்றவர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். பிரிவுகள் இறுதியாவதற்கு முன்னால், இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.