தம்புராவை அணைத்துவிட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. 10 வருடமாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறாள். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (பல துறைகளையும் கலந்து படிக்கும் கல்லூரி) சேர்ந்து இசையை முதன்மைப் பாடமாக எடுக்க ஆசைப்படுகிறாள். வேலை கிடைக்குமா? இவ்வளவு கற்றவளுக்கு அங்குள்ள மேற்கத்திய இசை தியரி வகுப்பெல்லாம் சுலபமாகத்தானே இருக்கும்?

க., கோவை

அன்புள்ள க.,

வேலைக் கேள்வியை விடுங்கள். இசையில் பி.ஏ. தொழிற்பட்டம் அல்ல. மொத்தப் படிப்பில் இசை மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம். மீதிக்கு வரலாறோ உயிரியலோ படித்தாக வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு இசை வேண்டுமென்றால் அது பி.மியூஸ்., அதாவது இசைக்கென்றே உள்ள தொழிற்பட்டம். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் இரண்டு பட்டங்களையும் சேர்த்து 5 வருடத்தில் முடிக்கலாம்; கல்லூரியும் அதன் இசைப்பள்ளியான கன்சர்வேட்டரியும் தனித்தனியே இடம் தரவேண்டும். கர்நாடக சங்கீதத்தையே தொடர கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் மிருதங்கம் டி. ரங்கநாதனும் சொல்லிக்கொடுத்த இடம்.

'சுலபமாகத்தானே' என்கிறீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. குழந்தையை இந்த நினைப்போடு அனுப்பாதீர்கள். நன்றாகப் பாடுகிற நம் பிள்ளைகள்தான் முதல் செமஸ்டரிலேயே தடுக்கி விழுகிறார்கள்.

அவள் காது 10 வருடமாக ஒரே ஸட்ஜத்தில், அதாவது ஆதார 'ஸ'-வில், உட்கார்ந்திருக்கிறது. அங்கே சொல்லித்தரும் மேற்கத்திய இசையில் பாட்டின் நடுவே ஸட்ஜமே இடம் மாறும். சங்கராபரணமாகத் தொடங்கியதில் திடீரென்று பிரதி மத்தியமம், அதாவது உயர்ந்த ம, வரும். 'கல்யாணி' என்பாள். இல்லை, அதே ஸ்வரங்களைப் பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்துக் கேட்கவேண்டும், மறுபடியும் சங்கராபரணம். ஸ்வரங்களை மாற்றாமல் ஸட்ஜத்தை மட்டும் இடம் மாற்றும் கிரகபேதம்தான். நாம் கச்சேரியில் கொஞ்ச நேரம் காட்டிக் கைதட்டு வாங்குவது அவர்களுக்கு அன்றாடச் சோறு.

ஒரே நேரத்தில் பாடும் நான்கு குரலுக்கு எழுதும் பயிற்சியில் இன்னும் மோசம். ஸ-ப எழுதியவள் அடுத்து அதே இரண்டு குரல்களையும் ரி-த என்று சேர்த்தே நகர்த்துவாள். ஆசிரியர் சுழித்துவிடுவார். ஸ-ப போன்ற ஐந்தாம் இடைவெளியிலேயே இரண்டும் ஒட்டி நகர்ந்தால் ஒன்று மற்றதில் கரைந்துவிடும், நான்கு குரல் மூன்றாகத்தான் கேட்கும். நமக்கு அது தப்பாகவே படாது. தம்புராவே ஸ-ப அல்லவா? முடிப்பிலும் இதே கதை. நி ஏறி ஸ-வுக்குப் போகவேண்டும், அதோடு ஒலிக்கும் ம இறங்கி க-வுக்கு வரவேண்டும். மெட்டை மட்டுமே கேட்டுப் பழகிய காது அந்த ம எங்கே போனதென்று கவனிக்காது.

இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனில், மேல் ஸ்வரங்களுக்கும் கீழ் ஸ்வரங்களுக்கும் உள்ள இரண்டு க்ளெஃபும் (குறியீடுகள்) படிக்கத் தெரியவேண்டும். ஜெர்மன் இசைமேதை பாக்கின் (Bach) கோரல் ஒன்றை, அதாவது நான்கு குரலுக்கான தேவாலயப் பாட்டை, எடுத்து, கீபோர்டில் மேல் குரலை வாசித்துக்கொண்டே அடிக்குரலைப் பாடட்டும், ஒரு ஸ்தாயி ஏற்றி. ஸ்வரத்தை அசைக்கும் கமகம் வேண்டாம், நிஷாதத்தை (நி) அசைத்தால் அங்கே சுருதி பிசகியதாகவே மார்க் போடுவார்கள். பிறகு நடுக்குரல்கள். மெட்டே இல்லாததுபோல் இருக்கும், தூரமாகத் தாவாமல் அங்கேயே சுற்றும், சலிக்கும். தினம் 20 நிமிடம், வாரத்துக்கு ஒரு கோரல் போதும்.

போனில் தம்புரா செயலி ஓடிக்கொண்டிருக்கும், அணைத்துவிடுங்கள். முதல் வாரம் பிடிமானமே இல்லை என்று அழுவாள். நீங்கள் மனமிளகிப் போய் மறுபடி போட்டுவிடாதீர்கள்.