மொழியும் இலக்கியமும் ஒரு நாட்டோட அடையாளத்த எப்படி உருவாக்குது?

ஃபின்லாந்த எடுத்துக்கோங்க. 1809 வரைக்கும் ஸ்வீடன் கையில, அப்புறம் ரஷ்யா கையில, படிச்சவங்க எழுதுறது பேசுறது எல்லாம் ஸ்வீடிஷ், ஃபின்னிஷ்னா பட்டிக்காட்டு ஜனங்க பேசுறதுன்னு ஒரு எளக்காரம். எலியாஸ் லோன்ரோட்னு ஒரு டாக்டர் ஊர் ஊரா போயி, ஜனங்க வாய்வழியா பாடிட்டிருந்த பழைய பாட்டையெல்லாம் எழுதி, கோத்து, 1835ல 'கலேவலா'ன்னு காவியமா போட்டாரு. அட நம்மகிட்டயும் இவ்ளோ சரக்கு இருக்கான்னு அப்பதான் ஆளுங்க நிமிந்தாங்க, 1863ல ஃபின்னிஷுக்கு ஆபீஸ், கோர்ட்ல எடம் குடுக்க உத்தரவு வந்துச்சு, 1917ல தனி நாடு. புக்கே நாடு வாங்கிக் குடுத்துச்சுன்னு சொல்ல வரல, ரஷ்யால புரட்சி நடக்கலன்னா கதையே வேற.

எழுத்தாளர்தான் இதப் பண்ணணும்னும் இல்ல. நம்ம வடசென்னை மூலக்கொத்தளத்துல நடராசன், தாளமுத்து நினைவிடம் இருக்குல்ல, இந்தி எதிர்ப்புல ஜெயிலுக்குப் போயி 1939ல உசுர விட்டவங்க, ரெண்டு பேரும் புலவருங்க கிடையாது. அப்ப பாகிஸ்தான்ல இருந்த டாக்காவுலயும் அப்படிதான், 1952 பிப்ரவரி 21ல வங்காள மொழிக்காக ஸ்டூடண்ட்ஸ் குண்டடிபட்டு செத்தாங்க, 1971ல பங்களாதேஷ் பொறந்துச்சு.

இதுல ஒரு வில்லங்கமும் இருக்கு. எது 'நல்ல' மொழின்னு யாரோ முடிவு பண்ணுவாங்க, வடசென்னை பேச்சு ரொம்ப நாளா சினிமால ரவுடிக்கும் காமெடிக்கும்தான், கானா மேடையேறுன அப்புறம்தான் வியாசர்பாடி பசங்க அதே பேச்ச கெத்தா பேசுறானுங்க.