நாய்க்குப் பெயர் உண்டு, சிப்பாய்க்கு இல்லை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு பளிங்குப் பலகை இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. போஸ்டர் ஒட்டி ஒட்டிப் பாதி எழுத்து தெரியவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சிலரோடு சேர்ந்து, பெயின்ட் அடித்து டைல்ஸ் பதிக்கலாம் என்றிருக்கிறோம். ‘வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனுக்கு எதற்கு மரியாதை’ என்கிறார்கள் சிலர். என்ன சொல்வது?

ம., வேலூர் மாவட்டம்

அன்புள்ள ம.,

முதலில் அந்த டைல்ஸை விடுங்கள், பெயின்டும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், நிறையப் பொறுமை. பசையை ஊறவைத்து ஊறவைத்துத்தான் எடுக்கவேண்டும், கத்தியால் சுரண்டினாலோ ஆசிட் ஊற்றினாலோ எழுத்தும் கூடவே போய்விடும்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டிலும் இதே வாசகம்தான், 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. யார் அந்த 14 பேர்? கல்லில் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. செத்த வீரன் கருந்தேவகத்தி. திருடர் இருவரைக் கடித்து அவனைக் காத்து நின்ற நாய்க்கும் கோவிவன் என்று பெயர் வெட்டி, பக்கத்திலேயே உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்குக் கிடைத்தது பட்டாளத்துக்காரனுக்குக் கிடைக்கவில்லை. ஈராக்கில் அதே போரில் செத்தவர்களுக்காக எழுப்பிய பாஸ்ரா நினைவகத்திலும் அப்படித்தான், அதிகாரிகளுக்குப் பெயர், இந்தியச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. இந்த நினைவகங்களைப் பார்த்துக்கொள்ளும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டுக்கு 2021-இல்தான் மன்னிப்புக் கேட்டது.

வெள்ளைக்காரன் விஷயத்துக்கு வருகிறேன். 1806-இல் அவனை எதிர்த்துச் செத்த சிப்பாய்களுக்கும் அதே வேலூரில், மக்கானில், தூண் இருக்கிறது. அவர்களும் வயிற்றுக்காக அவனிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள்தானே? கேட்பவர்களை ஒருமுறை இரண்டு இடத்துக்கும் கூட்டிப் போங்கள்.

அப்புறம், பெயர்களைத் தேடுங்கள். அந்த ஆணையத்தின் இணையதளத்திலேயே தேடலாம். சில பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும்கூட இருக்கும், ஆனால் உங்கள் ஊர் அன்றைக்கு வட ஆற்காடு, எழுத்துக்கூட்டலும் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி, அதனால் நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். ஊரில் பழைய பென்ஷன் காகிதம், மெடல் வைத்திருக்கும் வீடுகளையும் விசாரியுங்கள். கிடைத்த பெயர்களைத் தமிழில், தனிக் கல்லில், பழைய பலகையைத் தொடாமல் பக்கத்தில் வையுங்கள். திறந்துவைக்க வருகிறவர் பெயரை மட்டும் அதில் வெட்டிவிடாதீர்கள்.