டயட், உடற்பயிற்சி இரண்டும் இருந்தும் எடை நின்றுவிட்டால் மனம் தளராமல் தொடர்வது எப்படி?

"டயட்டில் சரியாக இருக்கிறேன், உடற்பயிற்சியும் செய்கிறேன், ஆனாலும் எடை குறைவது நின்றுவிட்டது, மனம் விட்டுப்போகாமல் எப்படித் தொடர்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இடத்தில் மனம் தளர்வதற்குச் சோம்பலோ வைராக்கியக் குறைவோ காரணம் அல்ல. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தும் மெஷினில் எண் நகரவில்லை, ஏன் என்றும் புரியவில்லை. அந்தப் புரியாமைதான் ஆளை உட்கார வைக்கிறது. அதனால் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கணக்கைப் பேசிவிடலாம்.

முதலில், எடை உண்மையாகவே நின்றிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம், பத்து நாள் அசையவில்லை என்பது தேக்கம் ஆகாது. உடம்பிலுள்ள தண்ணீர் மட்டுமே ஒரே நாளில் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறி இறங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு என்று உப்பு கூடிய மறுநாள் ஏறும். மலச்சிக்கல் இருந்தால் ஏறும். பல பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஏறும். எடை தூக்கும் பயிற்சியைப் புதிதாக ஆரம்பித்தால், தசை வலியோடு தண்ணீரும் தங்கி சில வாரங்கள் எண்ணை அசையவிடாது.

"முதல் இரண்டு வாரத்தில் மூன்று கிலோ குறைந்ததே, இப்போது ஏன் இல்லை?" என்பதற்கும் பதில் தண்ணீர்தான். கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு ஏறத்தாழ அரை கிலோ இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சாதத்தைக் குறைத்ததும் முதலில் கரைவது இதுதான். அந்த வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால், அதற்குப் பின் வரும் எல்லா வாரமும் தோல்வியாகவே தெரியும்.

எடை பார்க்கும் முறை இது: காலையில் கழிவறை போய்வந்த பிறகு, காபி குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி லேசான உடையில், சமமான தரையில் வைத்த மெஷினில் பாருங்கள். தினமும் குறித்துவைத்து ஏழு நாட்களின் சராசரியை எடுங்கள். அந்த வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். பெண்கள் இந்த மாதச் சுழற்சியின் இரண்டாம் வாரத்தைப் போன மாதத்தின் இரண்டாம் வாரத்தோடு ஒப்பிடுவதே நியாயம். நான்கு வாரச் சராசரி நகராமல் இருந்து, இடுப்பளவும் அப்படியே இருந்தால்தான் தேக்கம்.

இடுப்பளவை அலட்சியம் செய்யாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில், இன்ச் டேப்பை இறுக்காமல் சுற்றிப் பார்க்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. என்பது எல்லைக்கோடு. நம் உடல்வாகில் எடையைவிட வயிற்றுக் கொழுப்புதான் பெரிய தொல்லை. புனேயின் டாக்டர் யாக்னிக், லண்டனின் டாக்டர் யுட்கின் இருவரும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ) ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்போ யாக்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1 சதவீதம். எடை நின்று இடுப்பு 2 செ.மீ. குறைந்திருந்தால் உங்கள் டயட் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, உண்மையாகவே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏன் நிற்கிறது? ஒரு உதாரணக் கணக்கு: 38 வயது, 158 செ.மீ. உயரம், 82 கிலோ எடையுள்ள ஒரு பெண். சும்மா இருந்தாலே அவர் உடம்புக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,460 கலோரி தேவை. வீட்டுவேலை, நடை எல்லாம் சேர்த்து 2,040 வரும். 1,500 கலோரி சாப்பிட்டால் தினமும் 540 மிச்சம். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பதால் வாரம் அரை கிலோ குறையும். 10 கிலோ குறைந்து 72-க்கு வந்ததும் அதே பெண்ணின் மொத்தச் செலவு 1,900 ஆகிவிடும். சின்ன உடம்புக்குச் சின்னச் செலவு. அதற்கு மேலும் உடம்பு கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். நாமும் அறியாமலே கை கால் அசைவது குறையும். அதற்கு ஒரு 100 தள்ளினால், மிஞ்சுவது 300 கலோரி. வாரத்துக்குக் கால் கிலோ சொச்சம். தண்ணீர் ஏற்ற இறக்கத்தில் இது கண்ணுக்கே தெரியாது.

இதே கணக்கில் சனி, ஞாயிறைப் பாருங்கள். தினம் 300 வீதம் ஐந்து நாள் ஒழுங்காக இருந்து மிச்சம் பிடித்தது 1,500. சனிக்கிழமை நெய் தோசையும் மாலை பஜ்ஜியும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் ஐஸ்கிரீமும் என்று இரண்டு நாளும் 2,500 சாப்பிட்டால், உடம்பின் செலவு 1,800 போக இரண்டு நாளில் 1,400 திரும்பி வந்துவிடும். வாரம் முழுக்கப் பட்ட பாட்டுக்கு மிச்சம் 100 கலோரி. ஆனால் அவர் மனதில் பதிந்திருப்பது "நான் டயட்டில்தான் இருக்கிறேன்" என்பதுதான். அவர் பொய் சொல்லவில்லை. ஏழில் ஐந்து நாள் அது உண்மை.

இதோடு பசியும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2016-ல் போட்ட கணக்குப்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு தினம் 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. ஆரம்பத்தில் எளிதாக இருந்த அதே டயட் ஆறாம் மாதத்தில் மலைபோல் தெரிவது இதனால்தான். உங்கள் மன உறுதி தேயவில்லை. அதை எதிர்த்து நிற்கும் பசி வளர்ந்திருக்கிறது. "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று தன்னையே திட்டிக்கொள்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே போதும், அடுத்த மாதம் வரை தாக்குப்பிடிப்பார்கள்.

அடுத்து, எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டும். 1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், "1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் குறையவில்லை" என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதை அவர்கள் 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று அல்ல, கண் அளவு அப்படித்தான் ஏமாற்றும்.

நம் சமையலறையில் முதல் சந்தேகம் எண்ணெய் மேல்தான் வர வேண்டும். அதை ஸ்பூனால் அளக்க வேண்டியதில்லை, மளிகைக் கணக்கைப் பார்த்தாலே தெரியும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஆளுக்குத் தினம் 33 மில்லி, அதாவது சுமார் 270 கலோரி. நெய்யும் தேங்காயும் இதில் சேராது. தாளிப்பு, பொரியல், தோசைக்கல்லைச் சுற்றி ஊற்றுவது எல்லாம் சேர்ந்து 2 லிட்டருக்குள் நிற்க வேண்டும். பாட்டிலிலிருந்து நேரடியாக ஊற்றுவதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு அரை லிட்டரைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்து ஸ்பூனால் எடுங்கள். வாரக் கடைசிக்கு முன் தீர்ந்தால் உங்களுக்கே புரியும்.

அடுத்தது "உடம்புக்கு நல்லது" என்ற பெயரில் வருபவை. தினை, சாமை, கேழ்வரகு இவற்றின் கலோரி ஏறக்குறைய அரிசியின் அளவுதான். நார்ச்சத்தால் பசி அடங்குவதே லாபம், அளவு கூடினால் அந்த லாபமும் போய்விடும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம், 170 கலோரி. வெந்நீரில் விடும் ஒரு பெரிய ஸ்பூன் தேன் 60. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் காபி சுமார் 100; மூன்று வேளை குடித்தால் ஒரு டிபன் கணக்கு. சாதத்தை விட்டுவிட்டு எண்ணெய் தடவிய நான்கு சப்பாத்தி சாப்பிடுவதும் இதே ரகம். பிள்ளைகள் தட்டில் மீந்ததை வீணாகக் கூடாது என்று வாயில் போடுவது, சமைக்கும்போது உப்புப் பார்ப்பது எல்லாமே கணக்கில் உண்டு. ஏழு நாள் மட்டும், ஞாயிறையும் சேர்த்து, வாயில் போனதையெல்லாம் உடனுக்குடன் போனில் எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து நினைத்து எழுதினால் பாதி விட்டுப்போகும்.

நடைப்பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 75 கிலோ உள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் கூடுதலாகச் செலவாவது 180 கலோரி போல. திரும்பி வரும் வழியில் இரண்டு மெதுவடை சாப்பிட்டால் தீர்ந்தது. காலையில் நடந்துவிட்டோம் என்று மீதி நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பது இன்னொரு ஓட்டை. போனில் நாள் முழுவதற்குமான அடிகளைப் பாருங்கள். பத்தாயிரம்தான் வேண்டும் என்பதில்லை. அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. இப்போது 4,000 என்றால் அடுத்த மாதம் 6,000 போதும்.

தேக்கத்தை உடைக்கப் பலரும் செய்வது, ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்துவது. அதைச் செய்யாதீர்கள். பத்து நாள் தாங்கும், பதினோராவது நாள் பிரிட்ஜ் காலியாகும். கொழுப்போடு தசையும் கரையும். அதற்குப் பதிலாகத் தினம் 150 முதல் 200 கலோரி மட்டும் குறையுங்கள். அதையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள்: எண்ணெய் அல்லது சர்க்கரை அல்லது ஒரு கரண்டி சாதம். மூன்று வாரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மாற்றம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

குறைக்கும்போதே புரதத்தைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை சாப்பிடலாம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ஒரு கரண்டி சாம்பாரில் இரண்டு மூன்று கிராம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 9, உலர்ந்த மீல் மேக்கர் 30 கிராமில் 15. வேளைக்கு 20 கிராம் வந்துவிட்டால் நான்கு மணிப் பசி அடங்குவதை ஒரே வாரத்தில் உணர்வீர்கள். தசைப் பயிற்சி வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் போதும்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, 5 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து இடுப்பு வரை இழுப்பது. ஒவ்வொன்றும் 10 முறை, மூன்று சுற்று. 10 எளிதானதும் 12 ஆக்குங்கள்.

ஆறு மாதமாக டயட்டில் இருந்து அலுத்துப்போனவர்கள் இரண்டு வாரம் திட்டமிட்டு நிறுத்தலாம். இஷ்டத்துக்குச் சாப்பிடுவது அல்ல. எடை ஏறாத அளவுக்கு, மேலே சொன்ன பெண்ணுக்கு என்றால் 1,800 கலோரிக்கு, சாப்பிடுவது. ஆஸ்திரேலியாவில் உடல்பருமன் உள்ள ஆண்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் இடைவெளி என்று மாறி மாறி இருந்தவர்களுக்கு 14 கிலோ குறைந்தது. அதே 16 வார டயட்டை இடைவெளியின்றி இருந்தவர்களுக்கு 9 கிலோ. எல்லா ஆய்விலும் இந்த அளவு பலன் வரவில்லை. ஆனால் தீபாவளி, ஊர்த் திருவிழா, வீட்டுக் கல்யாணம் வரும் வாரங்களை இப்படி இடைவெளியாக வைத்துக்கொண்டால் குற்ற உணர்வும் இல்லை, "போனது போகட்டும்" என்று விட்டுவிடும் ஆபத்தும் இல்லை.

இனி மனசு. மெஷினில் வரும் எண் உங்கள் கையில் இல்லை, செய்வது உங்கள் கையில் இருக்கிறது. "இந்த மாதம் 2 கிலோ" என்று எழுதாமல், "வாரம் மூன்று தசைப் பயிற்சி, தினம் மூன்று வேளையும் புரதம், எண்ணெய் வாரத்துக்கு அரை லிட்டர்" என்று எழுதி, காலண்டரில் டிக் போடுங்கள். முடியாத நாளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவும் வைத்துக்கொள்ளுங்கள்: காய்ச்சல் இல்லாதவரை பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடம் கலோரிக்காக அல்ல, மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது போல் தோன்றாமல் இருக்க. காலையில் எண்ணைப் பார்த்து அன்றைய நாளே கெடுகிறது என்றால், மெஷினைப் பரணில் போட்டுவிட்டு மாதம் ஒருமுறை இடுப்பளவு மட்டும் பாருங்கள்.

எடை நின்றாலும் பலன் நிற்பதில்லை என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவில்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு), ரத்த அழுத்தம் பார்த்து, எடை எழுதும் அதே நோட்டில் எழுதுங்கள். "இன்னும் குறையலையா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு "சுகர் குறைஞ்சிருக்கு" என்பது நல்ல பதில்.

எல்லாம் அளந்தும் எட்டு வாரமாக அசையவில்லை, அல்லது எடை ஏறுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை அவசியம், ஆனால் தைராய்டு குறைபாட்டால் மட்டும் கூடுவது பொதுவாகச் சில கிலோதான், மாத்திரை தொடங்கியதும் பத்து கிலோ இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாதவிலக்கு தள்ளிப்போவது, பலத்த குறட்டையும் பகல் தூக்கமும், கால் வீக்கம் இவற்றையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சர்க்கரை நோய்க்குத் தரும் கிளிமிபிரைடு, மனநலத்துக்குத் தரும் ஓலான்சபின், மிர்டசபின், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் போன்றவை எடையைக் கூட்டக்கூடியவை. எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கும் என்பதால் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒளிந்து சாப்பிடுவது, சாப்பிட்டு வாந்தி எடுப்பது தொடங்கியிருந்தால் டயட்டை அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் வாரச் சராசரி, இடுப்பளவு, ஏழு நாள் சாப்பாட்டுக் குறிப்பு, மருந்துச் சீட்டுகள் நான்கையும் கையோடு கொண்டு போங்கள்.